மண் பிசைய அமெரிக்காவில் இருந்து வந்த ஜோடி!

சங்கரன்கோவிலுக்குப் போகிறவர்கள் புற்று மண்ணை நெற்றியில் பூசாமல் திரும்புவது இல்லை. ஆடித் தபசு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் கடைத்தெருவில் மண்பானையைப் பார்த்தால் மட்டும், "என்னய்யா, இம்புட்டு விலை சொல்றே?" என்று பேரம்!

புதுச்சேரியில் கதையே வேறு. அங்கே 1971-ம் ஆண்டு ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்க ஜோடி 'கோல்டன் பிரிட்ஜ்' என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கியது. நாட்டின் பல பக்கங்களில் இருந்தும் படித்தவர்கள் வந்தார்கள். மாதக்கணக்கில் தங்கி மண் பிசைந்தார்கள். கூலி வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்க்காரர்கள் சிலரும் தொழிலைக் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தப் பட்டறையே போட்டுவிட்டார்கள்!

நம்ம ஊர் வேளார் போனால்?

சக்கரத்தைப் பார்த்ததுமே திகைப்பார். ஊரில் சக்கரம் தரையோடு தரையாக இருக்கும். கோலால் சுற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து வேலை. அங்கே உட்கார்ந்தபடி காலால் உதைத்துச் சுற்ற வேண்டும். நம்மவர் சக்கரத்தில் பானையை முழுசாக முடிப்பதும் இல்லை. வாய், கழுத்து வரைக்கும்தான் அதில். அடிப்பாகத்தை உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி மூட வேண்டும். லேசில் வரும் வித்தையா அது?

அடுத்தது சூளை. ஊர்ச் சூளையில் 700, 800 டிகிரி சூடு. அங்கே 1,300 டிகிரி! ஊர் மண்ணை அதில் வைத்தால் தொய்ந்து உருகிவிடும். அதற்கென்றே தனி மண். வெந்து வரும் கோப்பையில் ஒரு சொட்டு கசியாது. நம் பானையோ கசிந்தால்தான் பானை! கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் கொண்டுபோய்விடுகிறது. அங்கே கோளாறு என்பது இங்கே குணம்.

ஆகவே, போய்க் கற்று வந்தாலும் அந்த மண்ணும் சூளையும் ஊரில் கிடையாது. கோப்பை கண்காட்சிக்குப் போகும். பானை சந்தைக்குத்தான் வரும். விலை வித்தியாசத்தைச் சொல்லவும் வேண்டுமா?

மீக்கர் 1980-களில் இன்னொரு காரியமும் செய்தார். பச்சை மண்ணில் வீடு கட்டி, உள்ளே பச்சைச் செங்கல்லை அடுக்கி, வீட்டுக்கே தீ மூட்டினார்! நாள்கணக்கில் எரிந்து வீடே சுட்ட மண்ணாகியது.

மண் கிடைக்குமா?

வேளாருக்கு வீடு வரைக்கும் போவானேன்? பானைக்கே மண் வேண்டும். குளத்து மண் எடுக்க தாசில்தார் மட்டத்திலேயே அனுமதி பெறலாம் என்று 2024-ம் ஆண்டு தமிழக அரசு விதியைத் தளர்த்தியது. ஆனால் பொங்கல் பானைக்கு மழைக்கு முன்பே மண் எடுத்தாக வேண்டும். ஐப்பசியில் குளம் நிறைந்த பிறகு சீட்டு கையில் கிடைத்து என்ன பிரயோசனம்?