மடிக்கணினி சுடுகிறது: விசிறியா, தூசியா, பசையா?

மடிக்கணினிக்குள் சூடு பெரும்பாலும் செயலியில் பிறக்கிறது. செம்புக் குழாய் ஒன்று அதை ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகட்டடுக்குக்குக் கொண்டுபோக, சிறு விசிறி அதன் வழியே காற்றைச் செலுத்திச் சூட்டை வெளியேற்றுகிறது. செயலியும் செம்பும் ஒட்டும் இடத்தில் வெப்பப் பசை பூசியிருக்கும். இந்தத் தொடரில் எது தளர்ந்தாலும் கணினி சுடும். சூட்டைக் கண்டதும் விசிறி போய்விட்டது என்று முடிவு கட்டினால், தேவையற்ற உதிரிப்பாகத்துக்குக் குடும்பம் பணம் கட்ட நேரிடும்.

2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பள்ளிப் பாடம் வீட்டுக்கு வந்த காலத்தில் வாங்கிய கணினிகளுக்கு இப்போது ஐந்து வயது தாண்டிவிட்டது. கெடாவின் புக்கிட் செலம்பாவ் போன்ற தோட்டப்புற ஊர்களில் தகரக் கூரையின் அனலும் செம்மண் தூசியும் அவற்றின் மூப்பை விரைவுபடுத்துகின்றன. ஆண்டின் முதல் மாதங்களில் வடக்கு மாநிலங்கள் கடுமையாக வறளும். பக்கத்துப் பெர்லிசின் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9இல் 40.1 பாகை பதிவானது. அறைக்காற்றை விடக் குளிராகக் கணினியை விசிறியால் ஆக்க முடியாது. அறை பத்துப் பாகை ஏறினால் செயலியும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும்.

சோதனைக்குக் கையே போதும். கணினியை மெத்தையிலிருந்து எடுத்துக் கெட்டியான மேசையில் வைத்து, காணொளி ஒன்றைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, காற்று வெளியேறும் துளையில் கை வைத்துப் பார்க்க வேண்டும். விசிறி இரைந்தும் காற்று மெலிதாகச் சூடாக வந்தால், தகட்டடுக்கில் தூசி படலமாக அடைத்திருக்கிறது. காற்று பலமாக, ஆனால் குளிர்ச்சியாக வந்து, உள்ளே மட்டும் கொதித்தால் பசை காய்ந்திருக்கலாம். அல்லது செம்புக் குழாய் பழுதாகியிருக்கலாம். சூடு ஏறியும் ஓசையே இல்லை, காற்றும் இல்லை என்றால் விசிறியைச் சந்தேகிக்க வேண்டும். கரகரவென்ற உரசல் சத்தம் அதன் தாங்கி தேய்ந்ததைக் காட்டும். சில கணினிகள் திறக்கும்போதே விசிறிப் பழுதைத் திரையில் எழுதிக் காட்டுகின்றன. பல செயலிகள் 95 முதல் 100 பாகையை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் கணினி அணைந்துவிடும்.

தூசியை ஊதும்போது விசிறி இதழை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்வது அவசியம். தாறுமாறாகச் சுழன்றால் தாங்கி கெடும். எல்லாவற்றையும் விட ஆபத்தானது பேட்டரி. நீடித்த சூட்டில் அது உப்பி, விசைப்பலகையையோ தொடுபலகையையோ மேலே தள்ளும். அப்படிக் கண்டால் உடனே அணைத்து மின்னேற்றியைக் கழற்ற வேண்டும். அமுக்குவதும் குத்துவதும் தீயை வரவழைக்கும்.

கடைக்குக் கொடுக்குமுன் கோப்புகளைப் படியெடுத்து, பழுது என்ன, கட்டணம் எவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும். மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழுதுபார்ப்புக்கும் பொருந்தும். வேலை உரிய கவனத்தோடும் திறமையோடும் நடக்க வேண்டும். கட்டணம் முன்பே பேசப்படவில்லை என்றால் நியாயமான தொகைக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. சரியாகச் செய்யாத வேலையைத் திருத்தித் தரும்படி கேட்கலாம். கடைக்காரர் மறுத்தால் வேறிடத்தில் சரிசெய்து அந்தச் செலவை அவரிடமே கோரலாம். விற்கும்போது வேறு விதமாக அறிவிக்காத தயாரிப்பாளர், நியாயமான காலம்வரை உதிரிப்பாகம் கிடைக்க ஏற்பாடு செய்யவும் கடமைப்பட்டவர்.

பேசித் தீராதபோது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கையின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட். உரிமை எழுந்த மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை என்பதால், ரசீதும் கடைக்காரர் எழுதித் தந்த தாளும் கையில் உள்ள தோட்டத் தொழிலாளி தானே பேசலாம். மன்றத்தின் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாதது குற்றம்.