தறிக்குழியிலிருந்து ஒரு காதல் கதை

குதிரை வண்டியில் பயணம் செய்து, பொது மின் இணைப்பை விலக்கி வாழும் அமெரிக்க ஆமிஷ் கிறிஸ்தவர்களைப் பற்றிய காதல் நாவல்கள் அந்நாட்டில் லட்சக்கணக்கில் விற்பனையாகின்றன. பெவர்லி லூயிஸ் 1997-இல் எழுதிய 'தி ஷன்னிங்' என்ற நாவல் இந்த அலையைத் தொடங்கிவைத்தது. இறைநம்பிக்கைக்கும் குடும்பத்துக்கும் ஊர்க்கட்டுப்பாட்டுக்கும் இடையே ஒரு பெண்ணின் மனம் படும் பாடே பெரும்பாலும் கதை. வியப்பு என்னவெனில், எழுதுவோரில் மிகப் பெரும்பாலோர் ஆமிஷ் மக்கள் அல்லர்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதிதன்று. வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் பட்டுக்கடைக்குள் நுழைபவர், சேலையோடு சேர்த்துப் பரம்பரை, பக்தி, குடும்பம் என்ற கதையையும் வாங்குகிறார். பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழி அந்தக் கதையில் வருவதில்லை.

திரையில் அது வந்தது. பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்', 2007-ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருது பெற்றது. மகளின் திருமணத்துக்குப் பட்டுச்சேலை தருவதாக வாக்களித்த நெசவாளி, பட்டு இழைகளை வாயில் ஒளித்துத் திருடுகிறான். ஆனால், உள்ளிருந்து எழுதியவர் எம்.வி. வெங்கட்ராம். சௌராஷ்டிர சமூகத்தில் பிறந்து, ஜரிகை வணிகமும் செய்தவர். கும்பகோணத்து நெசவாளர் ஒருவரின் இல்வாழ்வையும், அதை மீறிய உறவையும் சொல்லும் அவருடைய 'வேள்வித் தீ' 1975-இல் வெளிவந்தது. சமூகம் அரவணைக்கும், அதே கையால் நெரிக்கவும் செய்யும் என்பதை அறிந்தவரின் எழுத்து அது.

பொருளாதாரம் பயின்றவன் என்பதால் எனக்கு ஒன்று தோன்றும். சமூகம் என்பது ஒருவகைக் காப்பீடு. ஆமிஷ் குடும்பத்தின் மருத்துவச் செலவைச் சபையார் பகிர்ந்துகொள்கின்றனர். அதனாலேயே 1965-இல் அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திலிருந்து அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. அந்தக் காப்பீட்டுக்கான தவணை, கீழ்ப்படிதல். தவறினால் விலக்கிவைப்பு. நம் நெசவாளருக்குக் காப்பீடாக நின்றது பெரும்பாலும் முதலாளி தரும் முன்பணம். மகள் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் அதுவே கைகொடுத்தது. அதைத் தீர்க்காமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. கூட்டுறவுச் சங்கங்கள் இந்தக் கட்டைத் தளர்த்தின, முற்றிலும் அவிழ்க்கவில்லை.

வேலையின் இயல்பும் குடும்பத்தைக் கட்டிப்போடுகிறது. கோர்வைச் சேலையில் உடலுக்கும் இரு கரைகளுக்குமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவரால் இயலாது, பக்கத்தில் துணைக்கு ஆள் தேவை. மனைவியோ பிள்ளையோ அங்கே அமர்ந்தால் கூலி வீட்டுக்குள் நிற்கும். கணக்கில் அந்த உழைப்புக்குத் தனி விலை கிடையாது. இல்லறத்தின் இனிமை என்று கதைகள் இதைத்தான் வருணிக்கின்றன போலும்!

என் வகுப்பில் படித்த நெசவாளர் வீட்டு மாணவி ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது: "எங்கள் தெருவில் தறி நெய்யும் மாப்பிள்ளை வேண்டாம் என்று தறி நெய்பவர்களே சொல்கிறார்கள், ஐயா." ஒரு நாவலுக்குரிய சிக்கல் அந்த ஒரே வாக்கியத்தில் இருந்தது. தெருவில் ஒருவரை அவர் விரும்பியிருக்கலாம். தறியை விட மனமில்லாத இளைஞராகவும் அவர் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை, கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 1985-இல் ஏன் வந்தது என்று பாடத்தைத் தொடர்ந்துவிட்டேன்.

அவர் இப்போது வங்கியில் பணிபுரிகிறார். திருமண அழைப்பிதழ் கொடுக்க வந்தபோது, மணநாளில் உடுத்தப்போகும் பட்டு தந்தையின் தறியில் நெய்ததா என்றாவது கேட்டிருக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).