அந்திக்காலக் கணக்கு – 9: வீடு யாருக்கு, பாடு யாருக்கு?

பெடாஸ் ரெம்பாவ் மாவட்டத்தில் இருக்கிறது. வெந்நீர் ஊற்றில் குளிக்க வருகிறவர்களுக்கும், நெடுஞ்சாலையிலிருந்து லிங்கி பக்கம் இறங்குகிறவர்களுக்கும் அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை. முதுமையைப் பற்றித் தொடர் எழுதுகிறவனுக்கு ரெம்பாவ் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களின் அடாட் பெர்பாத்தே வழக்கம் ஆழ வேரூன்றிய மண் அது. குலநிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். 1909-லேயே அந்த வழக்கத்துக்கென்று தனிச் சட்டம் போட்டு, குலநிலம் வெளியாள் கைக்குப் போகாமல் பதிவேட்டில் கட்டி வைத்தார்கள். மகன் கல்யாணமானதும் மனைவி வீட்டுக்குப் போவான். மகள் தாய்வீட்டிலேயே இருப்பாள். தளர்ந்துபோன தாய் தகப்பனும் அவளோடுதான். வீடு எவளுக்கோ, பெற்றவர்களைப் பார்க்கிற பாடும் அவளுக்கே. இன்றைக்கு எல்லாக் கம்பத்து வீட்டிலும் அப்படியே நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொத்தையும் பராமரிப்பையும் ஒரே முடிச்சில் கட்டியது கெட்டிக்காரத்தனம்.

அதே மாவட்டத்தில், கூப்பிடு தூரத்தில், ரப்பர் தோட்டத்து லயங்களில் நம்மவர்கள் மூன்று தலைமுறை வாழ்ந்தார்கள். வீடு கம்பெனியுடையது. தண்ணீர், விளக்கு கம்பெனியுடையது. காய்ச்சல் வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர். கைக்குழந்தைக்கு ஆயாக்கொட்டகை. செத்தால் தோட்டத்துச் சுடுகாடு. வேலை முடிந்த கிழவனும் கிழவியும் எங்கே போவது என்ற கேள்விக்கும் ஒரு பதில் இருந்தது: மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பெரட்டுக்கு நின்று வேலை பார்க்கும் வரை அவர்கள் பெயரில் லயத்து வீடு ஓடும். எழுதி வைக்க எதுவும் இல்லாதவர்கள் எதை எழுதி வைப்பார்கள்?

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் நம் பிள்ளைகள் பார்த்த வேலையை வெளிநாட்டுத் தொழிலாளிகள் பார்க்கிறார்கள். நம் குடும்பங்கள் பெடாஸிலும் செம்போங்கிலும் சிரம்பானிலும் மலிவு விலை வீடுகளுக்கு மாறின. இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை எடுத்துப்போட்டு, பேங்க் கடனை இருபது வருஷம் கட்டி, வம்சத்திலேயே முதல் தடவையாக ஒரு கிராண்டில், அதாவது வீட்டுப் பத்திரத்தில், தன் பெயரைப் பார்த்த மனிதருக்கு இப்போது எழுபத்தைந்து வயது. அந்தக் காகிதத்துக்குப் பின்னால் இருக்கிற சட்டத்தை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நான் பேசிய வீடுகளில் எல்லாம் ஒரே நம்பிக்கைதான்: “நான் போனா வீடு அவளுக்கு, அவ போனா பெரியவனுக்கு.” சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உயில் இல்லாமல் இறக்கும் முஸ்லிம் அல்லாதவரின் சொத்தை 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பிரிக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக. ஆண், பெண், மூத்தது, இளையது என்ற பேதம் கிடையாது. இறந்தவரின் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தால் கணக்கு மாறும்: பெற்றவர்களுக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. தாத்தா பாட்டி இல்லாத, நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைக்கு ஆறில் ஒன்று. இரண்டு அறை வீட்டை இப்படி எங்கே வெட்டுவது? சிங்கப்பூரில் இருக்கிற மகனும், பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத மகளும் சம்மதித்தால்தான் அம்மா பெயருக்கு வீடு முழுசாக மாறும்.

இப்படி வாரிசுச் சொத்தைப் பிரிப்பதைத்தான் ஊரில் ‘புசாக்கா கேஸ்’ என்கிறார்கள். வீடு, நிலம் அடங்கிய சொத்து, உயில் இல்லை, மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால் நில இலாகாவின் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவிலேயே முடித்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 15 வரை இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. தோட்டத்துக் குடும்பங்களுக்கு இரண்டுமே எட்டாத உயரம் என்பதால் மாற்றம் தெரியாது. தெரிய வேண்டியது ஒன்றுதான்: அதற்கென்று உடனே வழக்கறிஞரைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இறப்புச் சான்றிதழ், கிராண்ட் நகல், வாரிசுகளின் ஐ.சி. எல்லாம் கொண்டுபோய் மனுக் கொடுத்தால் விசாரணைக்கு நாள் தருவார்கள்.

சிக்கல் அந்த ஐ.சி.யில்தான் தொடங்கும். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், ஐ.சி.யில் இன்னொன்று. செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். அதைப் பார்த்து இன்னொரு கிராணி எழுதினார். முனியம்மா என்ற ஒரே மனுஷி மூன்று காகிதத்தில் மூன்று ஆளாக இருப்பாள். மூவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் செய்ய அவள் உயிரோடு இருக்கும்போது அரைமணி நேரம் போதும். அவள் போன பிறகு பிள்ளைகள் அலைய வேண்டும்.

இன்னொன்று, தாலி. 1982 மார்ச் 1-க்கு முன்னால் கோயிலில் வழக்கப்படி நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடந்ததைப் பதிவதிகாரி முன்னால் நடத்தியிருக்க வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் 1985-ல் தாலி கட்டி, ஊரே சாப்பிட்டுப் போன கல்யாணத்துக்குப் பத்திரம் இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. கணவர் இறந்தபின் அந்த அம்மாள் தான் மனைவி என்று நிரூபிக்க நிற்கும் வரிசையைப் பார்க்கவே பொறுக்காது. இருவரும் உயிரோடு இருந்தால் இப்போதே பதிவு செய்துகொள்ளட்டும். பேரப்பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இ.பி.எஃப். பணம் தனிப் பாதை. அதற்கு உயில் செல்லாது, நியமனம்தான் பேசும். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா பெயரைப் போட்டவர்கள் நிறையப் பேர். முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கல்யாணம் ஆன அன்றே அந்த நியமனம் செத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. புதிதாகப் போட்டிருக்க வேண்டும். “பெரியவன் பேரப் போட்டிருக்கேன், அவன் எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுப்பான்” என்று ஒரு பெரியவர் என்னிடம் நிம்மதியாகச் சொன்னார். முஸ்லிம் அல்லாதவரின் நியமனத்தில் பெயர் உள்ளவருக்கே பணம் சொந்தம். பிரித்துக் கொடுத்தால் அது அவன் பெரிய மனசு, அவ்வளவுதான். “அப்படியாய்யா?” என்றவர் அதன்பிறகு வெகுநேரம் பேசவில்லை. தொகை பெரிதாக இருக்காதுதான். ஐம்பத்தைந்து வயதில் அடிப்படைச் சேமிப்பு என்று வாரியம் பல காலம் சொல்லிவந்தது 240,000 ரிங்கிட்: மாதம் ஆயிரம், இருபது ஆண்டுக்கு. நாட்கூலிக்குப் பால்மரம் வெட்டியவர் கணக்கில் அதை எதிர்பார்க்க முடியுமா?

நம் வீடுகளில் பெரும்பாலும் பெற்றவர்களைப் பார்ப்பது மகள். ரத்த அழுத்த மாத்திரைக்குக் கிளினிக்கில் நிற்பதும், கண்புரை ஆபரேஷனுக்குச் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதும், பாம்பர்ஸ் மாற்றுவதும் அவள். வீடு மகனுக்கு என்பது பேச்சு வழக்கம். எல்லாருக்கும் சமம் என்பது சட்டம். இரண்டிலும் அவள் பட்ட பாட்டுக்குத் தனிக் கணக்கு இல்லை. ரெம்பாவ் கம்பத்தில் வழக்கமே செய்துவிடுகிற காரியத்தை நம்மில் ஓர் ஆள் செய்ய வேண்டுமென்றால் அதற்கு உயில்தான் பாதுகாப்பான வழி. பார்த்துக்கொள்கிறவளுக்கு வீடு, மற்றவர்களுக்கு மற்றது என்று தெளிவாக எழுதலாம். உயிரோடு இருக்கும்போதே வீட்டை மாற்றிக் கொடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். பெற்றவர் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்தால் முத்திரைத் தீர்வையில் சலுகையும் இருக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. உயிலை நாளைக்கே மாற்றி எழுதலாம்; கைமாறிய கிராண்டைத் திரும்ப வாங்க முடியாது. மலிவு விலை வீடுகள் பலவற்றுக்கு மாநில அரசின் அனுமதியும் வேண்டும்.

உயிலுக்குச் செலவு உண்டு, பின்னால் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் எடுக்கிற வேலையும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

செத்த பிறகு நடப்பதற்காவது சட்டம் இருக்கிறது. பக்கவாதத்தில் வாய் திரும்பாமல், அல்லது மறதி நோயில் மகளையே யாரென்று கேட்டபடி ஐந்து வருஷம் படுத்திருப்பவருக்கு? பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்திருக்கிறோம் என்று தைரியமாக இருப்பார்கள். சாதாரணமாக எழுதும் பவர், எழுதியவர் சுயபுத்தி இழந்தால் செல்லாது. அதாவது அது எப்போது தேவையோ அப்போது போய்விடும். சிங்கப்பூரில் 2010-லிருந்து, புத்தி தெளிவாக இருக்கும்போதே ‘எனக்கு முடியாமல் போனால் இவர் முடிவெடுக்கட்டும்’ என்று பதிவு செய்யும் வழி இருக்கிறது. மலேசியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றம் போய்ப் பொறுப்பாளரை நியமிக்கக் கேட்கலாம். தோட்டத்து வீட்டில் நடைமுறை வேறு: ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் மகள் கையில். அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எடுத்த பணத்துக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதி, மருந்துக்கடை ரசீதை ஒட்டி வைக்கச் சொல்வேன். பின்னால் தம்பி வந்து கேட்பான்.

பார்க்க ஆளே இல்லாதவர்களுக்குச் சிரம்பானில் சமூகநல இலாகாவின் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இருக்கிறது. அறுபது வயதைக் கடந்தவராக, ஆதரவற்றவராக இருந்தால் மட்டும் போதாது. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளவும் முடிய வேண்டும். படுக்கையில் விழுந்தவருக்குப் பொருந்தாத நிபந்தனை அது. அவருக்குப் பெரும்பாலும் வீடும், வீட்டுக்கு வந்து பார்க்கும் சுகாதாரக் கிளினிக் தாதியும், இலாகாவின் உதவித்தொகையும்தான். வறுமையில் உள்ள முதியவருக்கு 2025 முதல் அது மாதம் 600 ரிங்கிட். இதற்குக் குடியுரிமை வேண்டும். இந்த மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐ.சி.யோடு முடிந்துபோனவர்களின் கதையை இந்தத் தொடரில் தனியாக எழுத வேண்டும்.

உயில் எழுதும் முறையைக் கேட்டு வருகிறவர்களுக்குச் சுருக்கமாக. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருக்கும்போது கையெழுத்து விழ வேண்டும். சாட்சி போடுகிறவருக்கோ அவருடைய கணவன், மனைவிக்கோ உயிலில் எதுவும் எழுதியிருந்தால் அந்தப் பங்கு மட்டும் போய்விடும். மகளுக்கு வீட்டை எழுதி, மருமகனைச் சாட்சியாக நிறுத்தினால் மகளுக்கு எழுதியது வீண். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

கையெழுத்து வராதே என்று பாட்டிமார் தயங்குகிறார்கள். கைநாட்டு போதும். ஆனால் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிய உயிலைத் தமிழில் முழுசாகப் படித்துக் காட்டி, விளங்கிக்கொண்டுதான் விரலை வைத்தார் என்ற வரி கீழே இருக்க வேண்டும், படித்துக் காட்டியவர் பெயரோடு. வயது எண்பதைத் தாண்டியிருந்தால் அதே வாரத்தில் டாக்டரிடம் புத்தி தெளிவாக இருக்கிறது என்று ஒரு கடிதம் வாங்கி உயிலோடு சேர்த்து வையுங்கள். மூலப்பிரதி இருக்கும் இடத்தைக் குறைந்தது இரண்டு பேரிடம் சொல்லுங்கள், அதில் ஒருவர் வீட்டை எதிர்பார்க்காதவராக இருக்கட்டும்.