மலைக்கு இருபுறமும் ஒரு பெயர்: கேரள எல்லைத் தமிழரும் இரட்டை வாக்குப் புகாரும்

கேரளத்தில் தமிழர் செறிந்து வாழும் எல்லைப் பகுதிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகா. எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊராட்சிகள் கோவை, பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்களோடு ஒட்டிக் கிடக்கின்றன. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு தாலுகாக்கள். அங்கே எல்லை என்பது மலை. இறங்கினால் தேனி மாவட்டம். இரண்டு இடத்திலும் வீட்டுமொழி தமிழ். ஆனால் தேர்தல் வந்தால் ‘இவர்களுக்கு அங்கேயும் ஓட்டு, இங்கேயும் ஓட்டு’ என்ற குற்றச்சாட்டு மலைமேல் இருப்பவர்களைச் சுற்றித்தான் எழுகிறது. எருத்தேன்பதித் தமிழரை நோக்கி அது அவ்வளவாக வருவதில்லை.

காரணம் மொழியில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானத்தின் பகுதி. சுற்றிலும் சென்னை மாகாணத்தின் மலபார், கோவை மாவட்டங்கள் இருக்க, நடுவில் தனித் துண்டாகக் கிடந்தது. அங்குள்ள தமிழர் கேரளம் என்ற மாநிலம் உருவாகும் முன்பே வயலும் தோப்பும் வைத்திருந்தவர்கள். வீடு, பட்டா, கிணறு எல்லாம் ஒரே ஊரில். அவர்களுடைய தேர்தல் பேச்சு பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியது: பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் கேரளத்துக்குரிய பங்கு வருகிறதா, மூலத்தறை வலதுகரைக் கால்வாய் கடைமடைக்கு எட்டுகிறதா. சித்தூர் தொகுதியில் 1996 முதல் நான்கு முறை வென்ற காங்கிரஸின் கே. அச்சுதனும், 2016இல் அவரைத் தோற்கடித்து 2021இல் மின்துறை அமைச்சரான ஜனதா தளத்தின் கே. கிருஷ்ணன்குட்டியும் இந்தத் தண்ணீர் அரசியலில்தான் நின்றார்கள். தமிழில் துண்டறிக்கை, தமிழில் மேடைப்பேச்சு என்று இரு அணியும் தமிழ் ஓட்டைத் தேடிப் போகின்றன. சந்தேகப்படுவதில்லை.

இடுக்கியின் கதை வேறு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைப் பெற்ற பிறகு அங்கே தோட்டங்கள் வந்தன. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தும் அவர்கள் குடியிருப்பது கம்பெனிக்குச் சொந்தமான ‘லயம்’ என்னும் வரிசை வீட்டில். வேலை ஓய்ந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். எனவே ஓய்வுக்காலத்துக்கு என்று சொந்த ஊரில் ஒரு துண்டு நிலமோ சிறு வீடோ வைத்துக்கொள்வது வழக்கம். ஏலத்தோட்டங்களில் நிலைமை இன்னும் கலப்பானது. போடி, கம்பம், தேவாரம் பக்கமிருந்து காலையில் ஜீப்பில் ஏறி மாலையில் இறங்குவோர் உண்டு. வாரக்கணக்கில் தங்குவோர் உண்டு. அங்கேயே குடியேறிவிட்டவர்களும் உண்டு.

‘இவர்கள் நிலையான குடிகளா?’ என்ற கேள்வி இரட்டை வாக்குப் புகாரை விடப் பழையது. திருவிதாங்கூர் தமிழர்களுக்காக மார்ஷல் நேசமணி தலைமையில் இயங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களையும் தமிழ்ப் பகுதியாகக் கோரியது. அங்கே தமிழர் பெரும்பான்மை என்பதை யாரும் மறுக்கவில்லை. பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் தந்த அறிக்கையில், அந்தப் பெரும்பான்மை தோட்டவேலைக்கு வந்துபோகிறவர்களால் ஆனது என்ற வாதம் எடுபட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தலைகளை எண்ணினால் தமிழர், ஆனால் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளத் தகாதவர் என்ற அந்தத் தீர்ப்பின் நிழல் இன்றுவரை நீள்கிறது.

மாநிலம் பிறந்த கையோடு அந்த ஓட்டுக்கு மதிப்பும் வந்தது. 1957 தேர்தலில் தேவிகுளத்தில் காங்கிரஸ் வேட்பாளர் பி.கே. நாயரின் வேட்புமனு தள்ளுபடியானது. கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். மனுவைத் தள்ளியது தவறு என்று தேர்தல் தீர்ப்பாயம் சொல்ல, 1958இல் இடைத்தேர்தல் நடந்தது. 126 இடங்கள் கொண்ட சபையில் 60 உறுப்பினர்களோடும் சுயேச்சைகள் ஐவரின் துணையோடும் ஆண்டுகொண்டிருந்த இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாட்டின் கம்யூனிஸ்ட் அரசுக்கு ஒவ்வோர் இடமும் உயிர். தமிழ்த் தொழிலாளரிடம் ஓட்டுக் கேட்கப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு மலையேறிப் பாடினார். ரோசம்மா மீண்டும் வென்றார்.

சட்டம் ஒருவருக்கு ஓரிடம் என்பதில் தெளிவாக இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950இன் 17, 18ஆம் பிரிவுகளின்படி ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளிலோ ஒரே தொகுதியில் இரண்டு முறையோ இடம்பெறக் கூடாது. தெரிந்தே பொய் உறுதிமொழி தந்தால் 31ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறை. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, ஒரு பொதுத்தேர்தலில் இரு தொகுதிகளில் வாக்களித்தால் இரண்டுமே செல்லாது என்கிறது. சிக்கல், ‘வழக்கமாக வசிப்பவர்’ என்ற தகுதியில் இருக்கிறது. வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அந்த ஊர்க்காரர் ஆகிவிட மாட்டார்; தற்காலிகமாக ஊரில் இல்லாததால் ஊர்க்காரர் அல்லாமலும் போக மாட்டார் என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. முப்பது ஆண்டு லயத்தில் இருந்துகொண்டு, தேனியில் கட்டிய வீட்டுக்குத் திருவிழாவுக்குப் போய்வரும் தொழிலாளிக்கு எது வழக்கமான ஊர்? சட்டப்படி விடை லயம்தான். ஆனால் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், முதியோர் ஓய்வூதியத்துக்கு அங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று வரும்போது இரு பக்கமும் பெயர் ஏறிவிடுகிறது. பெயர் இரு இடத்தில் இருப்பதும், இரு இடத்தில் ஓட்டுப் போடுவதும் ஒன்றல்ல என்பதை மேடைப்பேச்சுகள் கவனிப்பதில்லை.

போட முடியுமா என்பதைத் தேர்தல் நாட்காட்டியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 2011, 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களில் இரு மாநிலங்களும் ஒரே நாளில் வாக்களித்தன. விடிந்தும் விடியாமலும் ஓட்டுப் போட்டுவிட்டு மலையேறினால் ஒழிய இரண்டாவது ஓட்டு சாத்தியமில்லை. மக்களவைத் தேர்தலில் கதை மாறுகிறது. 2009இல் கேரளம் ஏப்ரல் 16, தமிழ்நாடு மே 13. 2014இல் ஏப்ரல் 10, ஏப்ரல் 24. 2019இல் தமிழ்நாடு முந்தியது: ஏப்ரல் 18, கேரளம் ஏப்ரல் 23. 2024இல் ஏப்ரல் 19, ஏப்ரல் 26. இடையில் நிற்பது விரல் மை ஒன்றுதான். இரு மாநிலத்துக்கும் அது மைசூர் பெயின்ட்ஸ் ஆலையிலிருந்தே வருகிறது. தோலில் சில நாட்களும் நகத்தில் சில வாரங்களும் நிற்கும். ஒரு வாரத்துக்குள் இரண்டாம் முறை வருபவரைப் பிடிக்க அது போதும். நான்கு வார இடைவெளி அதற்கும் சோதனைதான்.

புகார்கள் சூடாவதற்கு வெற்றி வித்தியாசங்கள் காரணம். 2016இல் பீர்மேட்டில் சி.பி.ஐ.யின் இ.எஸ். பிஜிமோள் வென்றது 314 வாக்குகளில்; உடும்பஞ்சோலையில் எம்.எம். மணி வென்றது 1,109 வாக்குகளில். இவ்வளவு மெல்லிய இடைவெளியில் நாலு ஜீப் ஆள் வந்தாலும் கணக்கு மாறும் என்று தோற்றவர் நினைப்பது இயல்பு. 2021இல் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா மாநிலம் முழுக்க 4.34 லட்சம் போலிப் பதிவுகள் இருப்பதாகச் சொல்லி உயர் நீதிமன்றம் போனார். சரிபார்த்ததில் 38,586 இரட்டைப் பதிவுகளே தெரிந்தன என்றது தேர்தல் ஆணையம். அப்படிப்பட்டவர் வந்தால் உறுதிமொழி வாங்கி, படம் எடுத்து, மை காய்ந்த பிறகே சாவடியை விட்டு அனுப்புவது என்ற ஏற்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. 2024 நவம்பர் பாலக்காடு இடைத்தேர்தலிலும் இரட்டை வாக்கே பெரிய புகாராக இருந்தது. அங்கே குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கத்துத் தொகுதி மலையாளிகள். அதனால் யாரும் எல்லையைப் பற்றிப் பேசவில்லை.

சந்தேகம் பகையாக முறுகிய காலமும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்தபோது குமுளி, கம்பம்மெட்டுப் பாதைகள் அடைபட்டன. ஏலத்தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்தோடு மலையிறங்கித் தேனிக்கு ஓடினார்கள். அத்தகைய நாட்களுக்குப் பிறகு, சொந்த ஊர்ப் பட்டியலில் ஒரு பெயர் இருக்கட்டும் என்று நினைப்பவர்மேல் எவ்வளவு குற்றம் காண்பது?

வாக்காளரைச் சந்தேகிப்பது ஒருபக்கம். வேட்பாளராக யார் நிற்கலாம் என்பதில் வரும் பிணக்கு இன்னொருபக்கம். அமெரிக்காவில் இனப் பகை நெடுங்காலம் ஒளிந்திருந்தது இந்த இரண்டாவது இடத்தில். அங்கே கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவே மக்கள் வாக்களிக்கும் ‘பிரைமரி’ தேர்தல் உண்டு. அக்காலத்தில் தென் மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி தோற்பது மிக அரிது; எனவே பெரும்பாலும் பிரைமரியில் வென்றவரே வென்றவர். டெக்சாஸ் 1923இல் கருப்பர்களை அந்தப் பிரைமரியிலிருந்து சட்டம் போட்டே விலக்கியது. நீதிமன்றம் அதை ரத்து செய்ததும், ‘கட்சி தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது எங்கள் இஷ்டம்’ என்று வேலையைக் கட்சி எடுத்துக்கொண்டது. 1944இல் ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதற்குப் பிறகும் எழுத்தறிவுச் சோதனை போன்ற தடைகள் 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரை நீடித்தன. மொழிச் சிறுபான்மையினருக்கு அவரவர் மொழியில் வாக்குச்சீட்டு தரும் ஏற்பாடு 1975இல் அதில் சேர்ந்தது. கேரளத்திலும் தமிழ் வாக்காளர் கணிசமாக உள்ள இடங்களில் வேட்பாளர் பெயர்கள் தமிழில் அச்சாகின்றன.

இந்தியாவில் பிரைமரி கிடையாது. வேட்பாளரைக் கட்சித் தலைமை தீர்மானிக்கிறது. தேவிகுளம் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. ஆகவே பெரிய கட்சிகள் தமிழ் பேசும் தோட்டக் குடும்பங்களிலிருந்தே ஆள் எடுக்கின்றன; எந்த உட்சாதி என்ற கணக்கு திரைக்குப் பின்னால் ஓடுகிறது. மூன்று முறை வென்ற எஸ். ராஜேந்திரனுக்குப் பதில் 2021இல் சி.பி.எம். நிறுத்திய ஏ. ராஜா, காங்கிரஸின் டி. குமாரை 7,848 வாக்குகளில் வென்றார். ராஜாவைத் தோற்கடிக்க வேலை செய்தார் என்று கட்சி விசாரணை முடிவு செய்ததால் 2022 ஜனவரியில் ராஜேந்திரன் ஓராண்டு இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் அதை மறுத்தார்.

ராஜா தமிழில் உறுதிமொழி எடுத்தார். மொழிபெயர்த்த வாசகத்தில் ‘கடவுளின் பெயரால்’ என்றோ ‘உளமார’ என்றோ வரவேண்டிய சொல் விடுபட்டதால் மறுபடியும் எடுக்க நேர்ந்தது. இடையில் சபையில் அமர்ந்த நாட்களுக்கு நாளொன்றுக்கு 500 வீதம் 2,500 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழைக்கு உறுப்பினர் பணம் கட்டியது ஒரு வேடிக்கை. பெரிய வழக்கு பின்னால் வந்தது. ராஜா கிறிஸ்தவர், குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது, எனவே கேரளத்தின் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் வர மாட்டார் என்று குமார் வாதிட்டார். ஒரு மாநிலப் பட்டியலில் உள்ள சாதியினர் இடம்பெயர்ந்தால் தகுதி கூடவே போகாது. அந்தப் பட்டியலை அறிவித்த 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை வெளியான காலத்தில் குடும்பம் எங்கே இருந்தது என்பதே அளவுகோல். 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் ராஜாவின் வெற்றியை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி அவரைத் தக்கவைத்தது. தாத்தா எந்த ஆண்டு மலையேறினார் என்பது பேரனின் சட்டமன்ற இருக்கையை ஆட்டிப் பார்த்தது.

கட்சிகளைத் தாண்டி நிற்க ஒரு முயற்சியும் நடந்தது. 2015 செப்டம்பரில் மூணாற்றின் தேயிலைத் தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டுத் தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். ‘பெண்பிள்ளை ஒருமை’ என்று பெயர் பெற்ற அந்த அணியின் கோமதி அதே ஆண்டு நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் தேவிகுளம் ஒன்றிய உறுப்பினரானார். அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்குள் அணி பிளந்தது. அதன் வேட்பாளர் சில நூறு வாக்குகளோடு நின்றுவிட்டார்.

வாக்காளர் பட்டியல் பிரச்சினையைத் தீர்க்க நெடுங்காலம் தடையாக இருந்தது நிர்வாகம். ஒவ்வொரு மாநிலப் பட்டியலும் தனித்தனியே பராமரிக்கப்பட்டது.  வெவ்வேறு மாநிலத்தவருக்கு ஒரே அடையாள அட்டை எண் போயிருப்பதை 2025 மார்ச்சில் தேர்தல் ஆணையமே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஒன்றாகத் தொடங்கியது. ஓர் இடத்துக்கு மட்டுமே கணக்கீட்டுப் படிவத்தில் கையெழுத்திடலாம் என்பதால், இரு ஊரிலும் பெயர் வைத்திருந்தவர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. லயத்தைத் தேர்ந்தவர், பணி ஓய்ந்து காலி செய்யும் நாளில் படிவம் 8 எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும். சொந்த ஊரைத் தேர்ந்தவர், ஆண்டு முழுதும் தான் உழைக்கும் ஊரின் தண்ணீர்க் குழாய்க்காகவும் சாலைக்காகவும் அங்கே ஓட்டுக் கேட்டு வருபவரிடம் பேரம் பேச முடியாது. எருத்தேன்பதி விவசாயிக்கு அந்தத் தேர்வே வரவில்லை. அவர் வயலும் வீடும் ஒரே சாவடிக்குள் இருக்கின்றன.