வீட்டில் ஒரு சக்கர நாற்காலி

புதிதாகத் துவிச்சக்கர வண்டி வாங்கும் இளைஞன், அதற்கு எப்போது எண்ணெய் விடுவது, சில்லுக்கு எவ்வளவு காற்று அடிப்பது என்பனவற்றையெல்லாம் ஒரு வாரத்திற்குள் கற்றுக்கொள்கிறான். தையல் இயந்திரம் வாங்கும் பெண்மணியும் அவ்வாறே. ஆனால், நடக்கும் ஆற்றலை இழந்த ஒருவருக்கென வீட்டிற்குச் சக்கர நாற்காலி ஒன்று வரும்போது மட்டும், "சில்லுப் பூட்டிய கதிரைதானே, இதிற் கற்பதற்கு என்ன இருக்கிறது?" என்று நாம் இருந்துவிடுகிறோம்.

இதன் விளைவு மெல்ல மெல்லத்தான் தெரியவரும். முதலில் ஒரு பக்கத்துப் பிறேக் பிடிக்காமற் போகும். பின்னர் முன்சில்லு சுழல மறுக்கும். இருக்கைச் சீலை தொய்யும். ஓராண்டு செல்வதற்குள் நாற்காலி கொட்டிலின் மூலையிலே துருவேறிக் கிடக்க, அதில் அமர்ந்து முற்றம் வரை வந்து அயலவருடன் உரையாடியவர் மீண்டும் கட்டிலே கதியெனக் கிடப்பார். நாற்காலி கெட்டால் கெடுவது நாற்காலி மாத்திரமன்று. ஒருவருடைய நடமாட்டமே கெடுகிறது.

நமது நாட்டில் இந்த நாற்காலியை நாடி நிற்போர் பலர். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தோர், பனையிலும் தென்னையிலும் இருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தோர், 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே காயமுற்றோர், முதுமையினால் தளர்ந்தோர் என அவர்களை வகைப்படுத்தலாம். ஆதலால், இதனைக் கையாளும் முறையைப் பற்றி இங்கு சற்று விரிவாக நோக்குவோம்.

மடிக்கும் நாற்காலி பிறந்த கதை

முற்காலத்துச் சக்கர நாற்காலிகள் பாரமானவை. மோட்டார் வண்டியில் ஏற்ற இயலாதவை. அமெரிக்காவில் ஹேர்பேர்ட் எவரெஸ்ற் என்னும் சுரங்கப் பொறியியலாளர் விபத்தொன்றில் முதுகு முறிந்து, நடக்க இயலாதவரானார். அவரும் அவருடைய நண்பரான ஹரி ஜெனிங்ஸ் என்னும் பொறியியலாளரும் சேர்ந்து, 1930களின் முற்பகுதியில், உருக்குக் குழாய்களினால் ஆன மடிக்கும் நாற்காலி ஒன்றை உருவாக்கினர். இருக்கையின் கீழே பெருக்கற் குறிபோல் இரு சட்டங்கள் குறுக்காக அமைந்து, நடுவில் ஓர் ஆணியினாற் பொருத்தப்பட்டிருந்தமையே அதன் நுட்பம். அதற்கான ஆக்கவுரிமை 1937 ஆம் ஆண்டு கிடைத்தது. இன்று நம் வீடுகளில் உள்ள மடிக்கும் நாற்காலிகளும் பெரும்பாலும் அதே அமைப்பை உடையவையே. அந்தக் குறுக்குச் சட்டமே நாற்காலியின் உயிர்நிலை என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

அளவறிந்து அமர்த்துதல்

சட்டையைப் போலவே சக்கர நாற்காலிக்கும் அளவு உண்டு. அமர்ந்திருப்பவரின் இடுப்புக்கும் நாற்காலியின் பக்கத்திற்கும் இடையே விரித்த உள்ளங்கை நுழையுமளவு இடம் இருத்தல் போதும். அதனினும் அகன்றால் உடல் ஒரு பக்கம் சரியும். கைகளும் சில்லை எட்டா. முழங்காலின் பின்புறத்திற்கும் இருக்கையின் விளிம்பிற்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். காற்பலகை, தொடை இருக்கையிற் சமமாகப் படியும் உயரத்தில் அமைய வேண்டும். ஆனால் நிலத்தினின்றும் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் வாசற்படியிற் காற்பலகை தட்டி, அமர்ந்தவர் முன்னே வீசப்படுவார்.

நாற்காலியை வாங்குமுன் வீட்டுக் கதவுகளையும் அளந்து பார்த்தல் நன்று. நாற்காலி அறைக்குள் நுழைந்தும், மலசலகூடத்தின் கதவில் நுழையாது போனால், பயனிற் பாதி போய்விடும்.

விரித்தலும் மடித்தலும்

நாற்காலியை விரிக்கும்போது பலரும் இருக்கையின் இரு குழாய்களையும் விரல்களாற் சுற்றிப் பிடித்து அழுத்துவர். இது பெருந்தவறு. இருக்கைக் குழாய் பக்கச் சட்டத்தில் வந்து படியும்போது இடையில் அகப்பட்ட விரல் நசுங்கிவிடும். நாற்காலியைச் சற்றே ஒரு பக்கம் சரித்து, விரல்கள் உட்புறம் நோக்கி இருக்குமாறு உள்ளங்கைகளை மட்டும் குழாய்களின்மேல் வைத்துக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். இரு குழாய்களும் தத்தம் தாங்கியில் முழுமையாகப் படிந்தனவா என்று பார்த்த பின்னரே ஒருவரை அமரச் செய்யலாம்.

மடிப்பதற்கு முதலில் மெத்தையை எடுத்துவிட்டுக் காற்பலகைகளை மேலே மடிக்க வேண்டும். பின்னர் இருக்கைச் சீலையின் நடுப்பகுதியை முன்னும் பின்னுமாகப் பிடித்து மேலே தூக்கினால் நாற்காலி தானாகவே மடியும். மடித்த நாற்காலியை வண்டியில் ஏற்றும்போது, கழற்றக்கூடிய கைதாங்கியையோ காற்பலகையையோ பிடித்துத் தூக்கலாகாது. அவை கையோடு கழன்று வந்துவிடும். அசையாத சட்டத்தைப் பிடித்தே தூக்குக.

ஏறுதலும் இறங்குதலும்

விபத்துக்கள் நாற்காலி ஓடும்போது மட்டுமன்றி, அதில் ஏறும்போதும் இறங்கும்போதும் நேர்கின்றன. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது நாற்காலியைக் கட்டிலின் அருகே சற்றுச் சாய்வாக நிறுத்த வேண்டும். பாரிசவாதம் கண்டவராயின், அவருடைய வலிமையுள்ள பக்கத்தில் நாற்காலி இருத்தல் வேண்டும். இரு பிறேக்குகளையும் போட்டு, நாற்காலியை ஒருமுறை அசைத்துப் பார்த்து, காற்பலகைகளை மேலே மடித்த பின்னரே அவர் எழலாம். எக்காரணங்கொண்டும் காற்பலகையின்மீது ஏறி நிற்கலாகாது. அந்த நொடியிலேயே நாற்காலி முன்னே கவிழும்.

நிலத்திற் கிடக்கும் பொருளை எடுக்கக் குனிபவர், நாற்காலியைச் சற்றுப் பின்னே உருட்டி நிறுத்த வேண்டும். அப்போது முன்சில்லுகள் முன்னோக்கித் திரும்பி நிற்கும்; நாற்காலியின் தாங்குநிலை நீளும். கைப்பிடிகளிற் சந்தைப் பைகளைத் தொங்கவிடும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். ஏற்றத்தில் ஏறும்போது அப்பாரம் நாற்காலியைப் பின்னே சாய்த்துவிடக்கூடும்.

சேலைத் தலைப்பு, வேட்டி நுனி, தோளிற் கிடக்கும் துவாய் ஆகியவை சில்லின் கம்பிகளிற் சிக்குவதுண்டு. புறப்படுமுன் அவற்றைச் செருகிக்கொள்ளுதல் ஒரு நொடி வேலை.

படியும் சாய்வும்

ஒற்றைப் படியொன்றில் ஏற்ற வேண்டுமாயின், தள்ளுபவர் பின்புறத்து மிதிகோலைக் காலால் அழுத்தி, முன்சில்லுகளை உயர்த்திப் படியின்மேல் வைத்து, பெரிய சில்லுகள் படியைத் தொட்டதும் முன்னே தள்ளி ஏற்றுவார். இறக்கும்போது நாற்காலியைத் திருப்பி, பெரிய சில்லுகள் முதலில் இறங்குமாறு பின்னோக்கி மெதுவாக இறக்க வேண்டும். செங்குத்தான இறக்கத்திலும் இம்முறையே பாதுகாப்பானது.

பல படிகளைக் கடக்கவேண்டின் குறைந்தது இருவர் தேவை. ஏறினாலும் இறங்கினாலும், அமர்ந்தவரின் முதுகு மேற்புறமும் முகம் கீழ்ப்புறமும் இருக்க வேண்டும். வலிமை மிக்கவர் மேலே நின்று கைப்பிடிகளைப் பிடிக்க, மற்றவர் கீழே நின்று முன்புறச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும்.

வாசலிற் சாய்வுப்பாதை அமைக்க விரும்புவோருக்கு எளிய கணக்கொன்று உண்டு: உயரத்தைப் போல் 12 மடங்கு நீளம். படியின் உயரம் 15 சென்ரிமீற்றராயின் சாய்வின் நீளம் 180 சென்ரிமீற்றர். இடமில்லை என்று குறுகிய பலகையொன்றைச் சாய்த்து வைப்பது, உதவி செய்வதாக எண்ணிக் குழி வெட்டுவதையே ஒக்கும். இலங்கையில் ஊனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 ஆம் ஆண்டிலும், பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் செல்ல வழியமைப்பது பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஆம் ஆண்டிலும் வந்தன. அரச பணிமனைக்கு வழி கேட்கும் நாம், நமது வீட்டு வாசலிலும் அதைச் செய்தல் வேண்டுமன்றோ?

வாரம் ஒரு நாள், மாதம் ஒரு நாள்

பராமரிப்பு என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. சைக்கிளைப் பேணத் தெரிந்த எவரும் இதனையும் பேணலாம். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, ஈரத்துணியாற் சட்டத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றுக. காற்றடிக்கும் ரயராயின் பெருவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சிறிதளவே அமிழுமாயின் காற்றுப் போதும். காற்றுக் குறைந்தால் தள்ளுவது கடினமாவதோடு நில்லாது, பிறேக்கும் பிடிக்காது. ஏனெனில் பிறேக் ரயரை அழுத்தியே சில்லை நிறுத்துகிறது. பிறேக் பழுது என்று நாம் நினைப்பது சில வேளைகளிற் காற்றுக் குறைவேயாகும். ஓடும் நாற்காலியின் வேகத்தைக் குறைக்க இந்தப் பிறேக்கைப் போடலாகாது என்பதையும் நினைவிற் கொள்க. அது நின்ற வண்டியை நிறுத்திவைப்பதற்கே உரியது.

முன்சில்லின் அச்சிலே தலைமயிரும் நூலும் சுற்றிக்கொள்ளும். அவற்றை வெட்டி எடுத்துவிட்டால், "சில்லு கெட்டுவிட்டது" என்ற முறைப்பாடு பல வேளைகளில் மறைந்துவிடும்.

மாதத்தில் ஒரு நாள் ஆணிகளையும் நட்டுகளையும் பரிசோதித்து, தளர்ந்தவற்றை இறுக்க வேண்டும். குறுக்குச் சட்டத்தின் நடு ஆணியை மாத்திரம் அளவுக்கு மீறி இறுக்கலாகாது. இறுக்கினால் நாற்காலி மடிய மறுக்கும். சில்லின் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கிப் பார்த்தால் தளர்ந்த கம்பி தெரிந்துவிடும். அதனைச் சைக்கிள் திருத்துபவரிடம் ஒப்படைத்தல் நலம். சுழலும் இடங்களுக்கும் மடியும் இடங்களுக்கும் சைக்கிளுக்கு விடும் எண்ணெயில் ஓரிரு துளி போதும். சமையலறை எண்ணெய்கள் நாளடைவிற் பிசினாகித் தூசியைச் சேர்க்குமாதலால் அவற்றைத் தவிர்க்கவும். ரயரிலும் பிறேக் படும் இடத்திலும் எண்ணெய் ஒரு துளியும் படலாகாது.

கடலோர ஊர்களில் வாழ்வோர் கூடிய கவனம் செலுத்த வேண்டும். உப்புக் காற்று உருக்கை மெல்ல அரிக்கும். கடற்கரை சென்று வந்த நாளில் மணலைத் தட்டி, நன்னீரிற் கழுவி, துடைத்து உலர்த்துதல் அவசியம். குழாயில் வெடிப்பு எங்கேனும் கண்டால், நாற்காலியை உடனே ஒதுக்கி வைத்துத் திருத்துவிக்க வேண்டும்.

உடலைக் காக்கும் மெத்தை

உணர்ச்சியற்ற உடலுக்கு இருக்கையே பகையாகலாம். நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்தால் எலும்பு புடைத்த இடங்களில் இரத்தவோட்டம் தடைப்பட்டு, புண் உண்டாகும். ஆறுவதற்கு மாதக்கணக்கு ஆகும் புண் அது. முற்றினால் உயிரையும் மாய்க்கவல்லது. ஆகவே, அரை மணிக்கு ஒருமுறையேனும் அமர்ந்தவர் முன்னோக்கியோ பக்கமாகவோ சாய்ந்து, ஓரிரு நிமிடம் அவ்விடத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். மாலைதோறும் தோலைப் பார்வையிட வேண்டும். நிறம் மாறியோ, சூடாகவோ, தடித்தோ ஓர் இடம் தென்பட்டு, அழுத்தி எடுத்தும் அது மாறாவிடின், அவ்விடத்தில் அமர்வதை நிறுத்தி, வைத்தியரை நாடுக. நடுவிற் துளையுள்ள வளைய மெத்தை நன்மை தருவதுபோற் தோன்றினும், சுற்றியுள்ள தசையை நெருக்குமாதலால் உகந்ததன்று.

நாற்காலியை வெயிலில் நிறுத்தி வைப்பதும் ஆபத்து. காய்ந்த உருக்கு, உணர்ச்சியற்ற காலைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

அமர்ந்தவரும் ஒரு மனிதர்

இவ்வளவும் இரும்பையும் ரயரையும் பற்றியவை. இவற்றினும் மேலான ஒன்று உண்டு. கேளாமல் ஒருவருடைய நாற்காலியைத் தள்ளுவது, கேளாமல் ஒருவருடைய கையைப் பிடித்து இழுப்பதை ஒக்கும். "அப்பு, இப்போது பின்னே சாய்க்கிறேன்" என்று ஒரு சொல் முன்னரே சொல்லிவிட்டால் அவருடைய நெஞ்சு திடுக்குறாது. கோவில் வீதியிலும் கலியாண வீட்டிலும், "இவர் தேநீர் குடிப்பாரா?" என்று தள்ளுபவரிடம் கேட்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். கால்கள் இயங்காவிடினும் அவருக்குச் செவியும் நாவும் உண்டு.

தாமே சில்லை உருட்ட வல்லவரை உருட்டவிடுவோம். சற்று நேரம் கூடுதலாகச் செல்லலாம், செல்லட்டும். குசினி வாசல் வரை தாமாகவே வந்து, "இன்றைக்கு என்ன கறி?" என்று கேட்கும் தாயை விடவும் வீட்டிற்கு வேறு நிறைவு ஏது? அந்த உரிமையை அவருக்கு நாள்தோறும் உறுதி செய்வன ஓரிரு துளி எண்ணெய், ஒரு பம்பு காற்று, வாரத்தில் அரை மணி நேரக் கவனம் ஆகியவையே. வீட்டில் சக்கர நாற்காலி உள்ளவர்கள், இப்பக்கத்தை மூடியதும், அதன் பிறேக்குகளை ஒருமுறை பரிசோதித்துப் பார்ப்பார்களாக.