யோசனையால் வந்த நோவா, லூபஸா?

"யோசிச்சு யோசிச்சு உடம்பைக் கெடுத்துப் போட்டாள்." களைப்பு, கைகால் உளைவு என்று சொல்லும் எங்கள் பெண்களுக்கு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். போரில் எல்லாவற்றையும் இழந்தவளுக்கு யோசனை இல்லாமல் இருக்குமா? ஆனால் எல்லா நோவையும் அந்தக் கணக்கில் எழுதிவிட்டால் லூபஸ் போன்ற நோய்கள் ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடக்கும்.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி எமது உடலையே பகையென எண்ணித் தாக்குவதுதான் லூபஸ். தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம், மூளை என எதையும் தாக்கலாம். இது தொற்றுவதில்லை. செய்வினையுமல்ல. நோயாளர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அநேகமாகப் பிள்ளை பெறும் வயதிலேயே தொடங்குகிறது.

காலையில் விரல் மூட்டுகள் விறைத்து வீங்கும். விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். முடி கொட்டும், வாயில் புண் வரும். வெயில் பட்டால் மூக்கின் மேலும் இரு கன்னங்களிலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் நிறம் மாறும். எங்கள் தோலில் அது சிவப்பாகத் தெரியாமல் கருமையாகவும் தெரியலாம். எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்லை. அதனால் மூட்டுக்கு எண்ணெய், முகத்துக்குக் கிறீம் என்று காலம் போய்விடுகிறது.

நான் சந்தித்த ஒரு தங்கச்சிக்கு இருமுறை கரு கலைந்திருந்தது. மூன்றாம் முறை கர்ப்பிணி கிளினிக்கில் எடுத்த வீ.டீ.ஆர்.எல். இரத்தப் பரிசோதனை, சிபிலிஸ் எனும் பாலியல் நோய் இருக்கலாம் என்று காட்டியது. மாமி வீட்டில் அவளது நடத்தையைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். பெண்மேல் பழி போட எங்கள் சமூகத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும்! உறுதிசெய்யும் அடுத்த பரிசோதனையில் அந்நோய் இல்லையென்று வந்தது. லூபஸ் உள்ள சிலரின் இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகள் முதற் பரிசோதனையைப் பிழையாகக் காட்ட வைக்கும். கரு கலையவும் அவை காரணமாகலாம். அதற்குப் பிறகுதான் ஒரு டொக்டர் அவளது மூட்டுநோவைப் பற்றி விசாரித்தார். பிள்ளை எட்டாம் மாதத்தில் பிறந்து தப்பியது.

லூபஸை ஒரே பரிசோதனையால் முடிவு செய்ய முடியாது. ஏ.என்.ஏ. எனும் இரத்தப் பரிசோதனை நோயுள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் பொசிற்றிவ் ஆகவே வரும். ஆனால் சுகதேகிகள் சிலருக்கும் அப்படி வருவதுண்டு. ஆகவே நோய்க்குறிகள், இரத்த எண்ணிக்கை, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாவற்றையும் சேர்த்தே வைத்தியர் சொல்வார். சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போது அநேகமாக நோ இராது.

முற்றாக மாறாவிட்டாலும் நோயைக் கட்டுப்படுத்தலாம். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் குளிசையைப் பெரும்பாலும் கர்ப்ப காலத்திலும் தொடரச் சொல்வார்கள். பயத்தில் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கிளினிக் போகும்போது இடம்பெயர்வுகளில் தப்பிய பழைய துண்டுகளையும் கொண்டு போங்கள். எந்த மாதம் எந்த நோ வந்தது, எத்தனை கரு கலைந்தது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். எழுத முடியாத அம்மாமாருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.