ஒப்புக்குச் சிரிக்கத் தெரியாதவர்கள்

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஞாயிறு திருப்பலி முடிந்து உறவினர் ஒருவர் அந்த வீட்டுக்குக் காலை உணவுக்கு வந்திருந்தார். எப்போதும் ஏதாவது துணுக்குச் சொல்லிச் சிரிக்க வைக்கும் மனிதர். அன்றும் ஒன்று சொன்னார். வீட்டிலிருந்த அனைவரும் சிரித்தார்கள். 12 வயது மகன் மட்டும் இட்லியிலிருந்து தலையை நிமிர்த்தி, "மாமா இதைப் போன வாரமும் சொன்னாங்களே, இப்ப ஏன் எல்லாரும் சிரிக்கிறீங்க?" என்று கேட்டான்.

வந்தவரின் முகம் வாடிவிட்டது. தாய் மகனை உள்ளே அழைத்துப்போய்க் கண்டித்தார். அவன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்ப நீங்க பொய்யாச் சிரிச்சீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டான். பொய் சொல்லக் கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் படித்துவிட்டு வந்திருந்த பிள்ளை அவன். தாய்க்கு உடனே பதில் வரவில்லை.

அந்தச் சிறுவனுக்கு ஆட்டிசம் உண்டு. தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். மதி இறுகிப்போனதுபோல் ஒலிக்கும் அந்தச் சொல் நமக்கு அவ்வளவாகப் பிடிக்காததால், ஆட்டிசம் என்றே இங்கு குறிப்பிடுகிறோம். பிறவியிலேயே மூளையின் வளர்ச்சியும் செயல்படும் விதமும் வேறாக அமைந்திருப்பதுதான் ஆட்டிசம். பேச்சு அறவே வராதவர்களும், பெரிய பதவிகளில் இருப்பவர்களும் இதில் அடங்குவர். எனவே இங்கே நாம் சொல்லும் எதுவும் அவர்கள் எல்லாருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் என எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிறுவனின் கேள்விக்கு வருவோம். நாம் பொய்யாகத்தான் சிரிக்கிறோமா?

ஒப்புக்குச் சிரிப்பது, உதட்டளவில் சிரிப்பது, அசடு வழியச் சிரிப்பது, மழுப்பிச் சிரிப்பது, சிரித்து வைப்பது என்று நம் பேச்சில் எத்தனை வகைகள்! நகைச்சுவைக்காகச் சிரிக்காத சிரிப்புக்கே இத்தனை பெயர்கள் இருக்கின்றன என்றால், நாம் அதை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பது விளங்கும். அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த பேராசிரியர் ராபர்ட் ப்ரொவைன் இதை எண்ணியே பார்த்தார். அவரும் மாணவர்களும் கடைத்தெருக்களிலும் நடைபாதைகளிலும் மக்கள் பேசிச் சிரிப்பதைக் கவனித்து, ஏறக்குறைய 1,200 சிரிப்புகளைக் குறித்துக்கொண்டார்கள். அவற்றில் வேடிக்கையான பேச்சைத் தொடர்ந்து வந்தவை 20 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றவை எல்லாம் 'சரி, பிறகு பார்க்கலாம்' என்பது போன்ற சாதாரணச் சொற்களுக்குப் பின்னால் வந்தவை. கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரிக்கிறார் என்பதையும் அவர் கண்டார். 1996-இல் வெளியான இந்தக் கணக்கு, சிரிப்பு என்பது பெரும்பாலும் உறவைப் பேணும் ஓசை என்பதைக் காட்டியது. 'உம்மோடு இருக்கிறேன்', 'கவலைப்படாதீர்', 'நான் சண்டைக்கு வரவில்லை' என்பதையெல்லாம் நாம் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போகிறோம். ஏமாற்றும் நோக்கம் இல்லாத இதைப் பொய் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் இரண்டு சிரிப்புகளும் ஒன்றல்ல. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இலேயே, முகத் தசைகளில் மெல்லிய மின்சாரம் செலுத்திச் சோதித்து இதை எழுதினார். வாயோரத்தை உயர்த்தும் தசை நாம் சொன்னபடி கேட்கும்; மனம் மகிழும்போது கண்ணைச் சுற்றிச் சுருங்கும் தசை அவ்வளவு எளிதில் கேட்காது. (பழகினால் சிலருக்கு அதுவும் கைகூடும் என்று இன்று தெரிகிறது. நடிகர்களைப் பார்த்த நமக்கு இதில் வியப்பில்லை.) இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் சோஃபி ஸ்காட்டும் உடன் ஆய்வாளர்களும் மூளையைப் படமெடுத்துப் பார்த்து 2015-இல் எழுதியது இன்னும் சுவையானது. வரவழைத்த சிரிப்பைக் கேட்கும்போது, பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் மூளைப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்கின்றன. அதாவது, 'இவர் ஏன் இப்போது சிரித்தார்?' என்று நம் மூளை நமக்கே தெரியாமல் கணக்குப் போடுகிறது.

நமக்குத் தெரியாமல் நடக்கும் அந்தக் கணக்கை, ஆட்டிசம் உள்ள பலர் தெரிந்தே, ஒவ்வொரு முறையும் போட வேண்டியிருக்கிறது. அவர்களில் பலர் சொல்வது இதுதான். எதிரில் இருப்பவர் சிரிக்கிறார். அது வேடிக்கையா, மரியாதையா, கேலியா, பேச்சை முடித்துக்கொள்வோம் என்ற சாடையா? விடை கண்டுபிடிப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. அப்போது இவர் சிரித்தால், காலம் தப்பிய சிரிப்பாகி, எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சிரிக்காவிட்டால் திமிர் பிடித்தவர் என்ற பெயர். பதற்றத்தில் தானாகச் சிரிப்பு வந்துவிடுபவர்களும் உண்டு. துக்க வீட்டில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவர்களுக்குச் சிரிப்பே புரியாது, நகைச்சுவை உணர்வே கிடையாது என்று எண்ணுவோரும் உண்டு. அது தவறு. சோஃபி ஸ்காட்டின் குழு 2019-இல் 40 மொக்கை நகைச்சுவைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் முடிவில் சிரிப்பொலியைச் சேர்த்து 72 பேருக்குப் போட்டுக் காட்டியது. அவர்களில் 24 பேர் ஆட்டிசம் உள்ளவர்கள். சிரிப்பொலி சேர்ந்தபோது நகைச்சுவை இன்னும் நன்றாக இருப்பதாக இரு சாராருமே சொன்னார்கள். வரவழைத்த சிரிப்பைவிட உண்மையான சிரிப்பு சேர்ந்தபோது இரு சாராருக்குமே அது கூடுதலாகப் பிடித்தது.

இன்னொரு ஆய்வு நம் மனத்தை அதிகம் தொட்டது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் சிரிப்பைப் பதிவு செய்து, அதன் ஒலியை அமெரிக்க ஆய்வாளர்கள் அலசி 2009-இல் வெளியிட்டார்கள். மற்றக் குழந்தைகளிடம் குரலெழும் சிரிப்பும் இருந்தது, மூச்சாக மட்டும் வெளிவரும் சிறு சிரிப்பும் இருந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் ஏறக்குறைய குரலெழும் சிரிப்பு மட்டுமே இருந்தது. உள்ளே மகிழ்ச்சி எழும்போது இக்குழந்தைகள் சிரிக்கிறார்கள், பிறரோடு ஒத்துப்போவதற்காகச் சிரிப்பைப் பயன்படுத்துவது குறைவு என்று ஆய்வாளர்கள் அதற்கு விளக்கம் தந்தார்கள். நாம் சொன்ன அந்தச் சிறுவனும் மின்விசிறி கடகடவென்று ஒரு குறிப்பிட்ட தாளத்தில் ஆடும்போது வயிறு குலுங்கச் சிரிப்பானாம். அந்தச் சிரிப்பைக் கேட்டால் வீடே சிரிக்கும் என்கிறார் அவன் தாய்.

இதன் மறுபக்கம் வேதனையானது. பள்ளியில் தன்னோடு சேர்ந்து சிரிக்கிறார்களா, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று பிரித்தறிய முடியாத பிள்ளை, முதலில் எல்லாரையும் நம்புகிறது. அடிபட்ட பின் எல்லாரையும் சந்தேகிக்கிறது. ஆட்டிசத்தின் ஒரு வகையினராக அன்று கருதப்பட்ட 40 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 45 விழுக்காட்டினருக்குப் பிறர் தம்மைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற அச்சம் குறைந்த அளவிலாவது இருந்தது. மற்றவர்களிடம் அது 6 விழுக்காடுதான். மரியாதைக்குச் சிரித்த சிரிப்பும் அப்படிப்பட்டவர் காதில் கேலியாக விழக்கூடும்.

வளர்ந்த பிறகு பலர் இதைப் பாடமாகவே கற்றுக்கொள்கிறார்கள். மேலதிகாரி குரலை இறக்கி நிறுத்தினால் சிரிக்க வேண்டும். இரண்டு நொடிக்குமேல் கூடாது. பல் தெரிய வேண்டும். இப்படித் தங்கள் இயல்பை மறைத்து நடப்பதை வல்லுநர்கள் முகமூடி என்கிறார்கள். வேலையும் நட்பும் கிடைக்க இது உதவுகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். அதோடு, மாலையில் வீட்டுக்கு வந்ததும் பேசக்கூடத் தெம்பின்றிப் படுத்துவிடுகிறோம், நாம் யார் என்பதே மறந்துவிடுகிறது என்றும் சொல்கிறார்கள். சிலருக்கு இதில் மனச்சான்றின் உறுத்தலும் சேர்கிறது: சிரிப்பு வராதபோது சிரிப்பது அவர்களுக்குப் பொய்ச் சான்று சொல்வதுபோல் இருக்கிறது. வேறு சிலரோ, பொருள் தெரிந்துகொண்ட பின் இதுவும் ஒரு வணக்கம்தானே என்று இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

தாமே ஆட்டிசம் உள்ளவரான பிரித்தானிய ஆய்வாளர் டேமியன் மில்டன், புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று 2012-இல் எழுதினார். நம் சிரிப்பு அவர்களுக்குப் புரியாததுபோல, அவர்கள் சிரிக்காமல் கூர்ந்து கேட்பதன் பொருள் நமக்கும் புரிவதில்லை. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டிய சுமை மட்டும் அவர்கள் தலையில். வேலைக்கான நேர்காணல்களில் இந்தச் சுமையின் விலை தெரியும். விடைகள் எல்லாம் சரியாகச் சொல்லியும், 'கலகலப்பாக இல்லை' என்று ஒருவரைத் திருப்பி அனுப்பும்போது, நாம் எதை அளந்தோம்?

அந்தத் தாய் இரண்டு நாள் கழித்துத்தான் மகனுக்குப் பதில் சொன்னார். "வீட்டுக்கு வந்தவங்களை 'வாங்க'ன்னு சொல்றோம்ல தம்பி, அந்தச் சிரிப்பும் அது மாதிரிதான்." அவன் யோசித்துவிட்டு, "அப்ப நான் 'வாங்க'ன்னே சொல்லிடறேன், சிரிக்க வேணாம்ல?" என்றான். வேண்டாம் என்று முடிவாயிற்று. அந்த உறவினரிடமும் சொல்லிவைத்தார்கள். இப்போது அவர் கதையைத் தொடங்குமுன் சிறுவனைப் பார்த்து, "இதை ஏற்கெனவே சொல்லிட்டேனாப்பா?" என்று கேட்கிறார். அவன் நாளும் கிழமையும் சேர்த்துச் சொல்கிறான்.